படத்தில் உள்ளபடி

மூன்றாம் நாள் காலையில் ஷெர்லிக்கு முகம் வலிக்கவில்லை.

கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். தலைக்கு இரண்டு தலையணை வைத்து மல்லாந்துதான் படுக்க வேண்டும், ஒருக்களிக்கவே கூடாது என்று கிளினிக்கில் உத்தரவு. ஜன்னல் கண்ணாடி முழுக்க அம்மா பழைய செய்தித்தாளை ஒட்டியிருந்தாள். அதையும் மீறிக் கடற்கரை வெயில் மஞ்சளாகக் கசிந்து, அறைக்குள் ஒரு பழுத்த வெளிச்சம் தேங்கி நின்றது. மூக்கின் கீழே பூசிய வாசலின் களிம்பின் வாடை, துணி நனைத்து ஒத்தும் வினிகர் தண்ணீரின் வாடை, இரண்டுக்கும் அடியில், லேசர் போட்ட அன்று ஏறி இன்னும் இறங்காமல் இருக்கும் மயிர் தீய்ந்த வாடை. வெளியே யாரோ நெத்திலிக் கருவாட்டைக் கிளறிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டேபிள் பேன் இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒருமுறை முனகியது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன, வலியைத் தவிர.

தலையணைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். பல தடவை நகலெடுத்து எழுத்தெல்லாம் தேய்ந்துபோன தாள். 'சிகிச்சைக்குப் பின் எதிர்பார்க்க வேண்டியவை' என்று தலைப்பு. முதல் நாள்: கடும் வெயிலில் சுட்டது போன்ற எரிச்சல். இரண்டாம் நாள்: வீக்கம், நீர் கசிதல், கண் திறக்கச் சிரமம். அதெல்லாம் எழுதியபடியே வந்து போயிருந்தது. மூன்றாம் நாளுக்கு நேராக, எரிச்சலும் இறுக்கமும் மிக அதிகமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும் என்று இருந்தது.

தொடக் கூடாது என்பதையும் மறந்து, ஒரு விரலால் இடது கன்னத்தைத் தொட்டாள். வாசலினில் வழுக்கியது; அதன் கீழே பொருக்கு. நெரிசலான பஸ்ஸில் தெரியாமல் அடுத்தவள் கன்னத்தில் கை பட்டுவிட்டது போல் இருந்தது. விரலுக்குத் தெரிந்தது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

கிளினிக்குக்குப் போன் செய்தாள். நர்ஸ் ஸ்மிதா எடுத்தாள். வலி இல்லை என்று ஒரு ஆள் புகார் சொல்லி அவள் இதற்கு முன் கேட்டதில்லை போலும்; கொஞ்சம் சிரித்தாள். அப்படியும் இருக்கும், சகஜம்தான் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வலியைத் தேடி அலையும் நிலைக்குத் தன்னைக் கொண்டுவந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்து ஷெர்லிக்கு எரிச்சலாக வந்தது. பதினாறு வயதில் வந்த பருக்கள் இரண்டு வருடம் இருந்துவிட்டு, போகும்போது இரண்டு கன்னத்திலும் குழி வைத்துப் போயின. புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி இருக்கும். கல்யாணப் பேச்சு எடுக்கும்வரை ஊரில் யாரும் அதைப் பெரிதாகச் சொன்னதில்லை. எடுத்த பிறகு அதைத் தவிர வேறு எதையும் சொன்னதில்லை. ஐந்து இடத்திலிருந்து வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அப்பா மரியஜான் கொச்சிப் பக்கம் விசைப்படகில் போனால் வர மாதக் கணக்காகும், முழுப் பாடும் அம்மா செசிலிக்குத்தான். கடைசியில் அவள் மகளை வடசேரிக்குக் கூட்டிப்போய் தேவகுமாரின் ஸ்டுடியோவில் உட்கார வைத்தாள். தேவகுமார் கம்ப்யூட்டரில் என்ன செய்தானோ, மறுநாள் கைக்கு வந்த படத்தில் குழி என்று ஒன்றுகூட இல்லை. கண், மூக்கு, வாய் எல்லாம் ஷெர்லியுடையது. கன்னம் மட்டும் வழவழவென்று, லேசாக உப்பி, செல்லமாக வளர்ந்த ஏதோ ஒரு பெண்ணின் கன்னமாக இருந்தது.

அந்தப் படம் மஸ்கட்டுக்குப் போனது. லிஜின் ஒரே நாளில் சம்மதம் சொன்னான். மூன்று தடவை போனில் பேசினான். அவசரமில்லாத குரல், நடுநடுவே கேட்டுக்கொண்டிருக்கவும் தெரிந்த குரல். ஷெர்லிக்குப் பிடித்துவிட்டது. அதுதான் அவள் செய்த தப்பு என்றால் தப்பு.

லிஜினின் அம்மா விக்டோரியா ஏலத்துறையில் முப்பது வருடம் செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் வாங்கியவள். பெண் பார்க்க வந்தவள் ஷெர்லியின் தாடையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அப்படியே சற்று நேரம் பிடித்திருந்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு செசிலியிடம் சொன்னாள்.

"எனக்க மொவன் படத்துல கண்ட மொகத்துக்குத்தான் செரின்னு சொன்னான் மைனி. அந்த மொகத்தக் கொண்டு வாருங்க."

கல்யாணத் தேதி குறித்தாயிற்று, கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க எழுதிக் கொடுத்தாயிற்று. ஓலை வாசித்த பிறகு முறிந்த பெண்ணை அந்தக் கடற்கரையில் எவனும் கேட்டு வரமாட்டான். மூன்றாம் ஓலைக்குப் பிறகு லிஜின் விமானம் இறங்கும் வியாழக்கிழமைக்குள் முகம் தயாராக வேண்டும். இல்லையென்றால் எல்லாம் முடிந்தது.

நாகர்கோவில் கிளினிக்கில் டாக்டர் ஒளிக்காமல்தான் சொன்னார். குழிகள் பாதியளவு குறையும், முழுதாகப் போகாது. இந்த நிறத்துக்குக் கருமை படரவும் இடமுண்டு. சிவப்பு மாற மாதங்கள் ஆகும். மேலே பூச்சுப் போட்டுக் கல்யாணத்தைச் சமாளிக்கலாம். நர்ஸ் கோப்பில் வைக்க ஒரு படம் கேட்டாள். சிகிச்சைக்கு முந்தைய முகம் தெரியும் படம் என்று தெளிவாகவே சொன்னாள். அப்படி ஒரு படத்தைக் கொடுக்க செசிலிக்கு மனம் வரவில்லை. பையிலிருந்து தேவகுமாரின் படத்தை எடுத்து நீட்டி, இப்படி வரணும் என்றாள். டாக்டர் படத்தையும் ஷெர்லியையும் மாறி மாறிப் பார்த்தார். இதுபோல யாராலும் ஆக்க முடியாதும்மா என்று சொல்லிச் சிரித்தார். படம் கோப்பில் செருகப்பட்டு, கோப்பு விரித்தபடி அவள் தலைமாட்டில் இருந்தது.

மரத்துப்போக வைக்கும் களிம்பைப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு மணி நேரம் கிடத்தினார்கள். பிறகு கண்ணைக் காக்க இரண்டு இமைக்குள்ளும் உலோக மூடி வைத்தார்கள். குளிர்ந்த, கனமான இருட்டு. புகையை உறிஞ்சும் குழாய் காதருகே இரைந்தது. கடுகு பொரிவது போலச் சின்னச் சின்ன வெடிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடான குத்து, பிறகு அந்தத் தீய்ந்த வாடை. அந்த இருட்டில் டாக்டர் இரண்டு முறை, தலையைத் திருப்பாதீங்க என்று கடிந்துகொண்டார். ஷெர்லி தலையைத் திருப்பவே இல்லை. அதை அப்போது யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

நான்காம் நாள் சத்தம் கேட்டது.

மதியம் இரண்டு மணி இருக்கும். அம்மா வினிகர்த் துணியால் ஒத்தி, புது வாசலினைப் பூசிவிட்டுக் கோயில் பக்கம் போயிருந்தாள். காற்று விழுந்துபோய், அலைச் சத்தம்கூடத் தூரத்தில் எங்கோ தேய்ந்து கிடந்தது. காய்ந்த பனையோலையை யாரோ விரலால் அமுக்குவது போல் மெல்ல ஒரு நொறுங்கல். ஷெர்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கூரையில் இல்லை. கட்டிலுக்கடியில் இல்லை. மறுபடி நொறுங்கியபோது அது தன் வாயின் வலது ஓரத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தது. அவள் வாயை அசைக்கவில்லை. பொருக்குதான் அசைந்தது. கொஞ்சம் மேலே போய் நின்று, பழைய இடத்துக்கு இறங்கி, திரும்பவும் மேலே போனது. யாரோ தனியாக இருந்து சிரித்துப் பழகுவது போல.

தாளைப் பார்த்தாள். நான்காம் நாள்: தோல் இழுப்பது போன்ற உணர்வு. ஸ்மிதா போனில் அதையே படித்துக் காட்டினாள். ஷெர்லி மறுபடி விளக்கப் பார்த்தபோது, நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா என்று குரல் கொஞ்சம் கெட்டியானது.

ஐந்தாம் நாள் செசிலி கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தவள், கட்டிலை நெருங்கும் முன்பே நின்றுவிட்டாள்.

"எதுக்குட்டி சிரிக்கிய?"

ஷெர்லி அப்போது லிஜினை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள். சிரிக்கல்லம்மா என்றாள். செசிலி கிண்ணத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு, எப்போதும் போல் பக்கத்தில் உட்காராமல் வெளியே போனாள். போகும்போது பீரோக் கண்ணாடியை மூடியிருந்த போர்வையின் இரண்டு நுனியையும் இழுத்துக் கதவிடுக்கில் செருகினாள்.

ஆறாம் நாள் ஞாயிறு. வெயிலில் தலைகாட்டக் கூடாதவள் என்பதால் ஷெர்லி பூசைக்குப் போகவில்லை. கோயில் ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. பாட்டு ஓய்ந்ததும் அருட்தந்தை ஓலை வாசித்தார். மரியஜான், செசிலி இவர்களின் மகள் ஷெர்லி என்று பெயர் வந்தது. அந்தப் பெயருக்காகத்தான் அவள் காலையிலிருந்து காத்துக் கிடந்தாள். கன்னம் இரண்டும் சட்டென்று பின்வாங்கின. கூடையில் கை விட்ட இடத்தில் ஊர்வது எதையோ தொட்டவள் கையை இழுப்பது போல, தோல் காதுப் பக்கமாக இழுத்துக்கொண்டது. பொருக்கு இரண்டு இடத்தில் வெடித்தது. பெயர் முடிந்ததும் மெதுவாகத் தளர்ந்தது.

இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று ஒலிபெருக்கி சொன்னது. ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் பொருக்கு முழுக்க உதிர்ந்தது. முகம் கழுவும்போது தவிட்டு நிறத்தில் செதில் செதிலாகத் தண்ணீரில் மிதந்தது. கிளினிக்கில் டாக்டர் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். கோப்பைத் திறந்து அந்தப் படத்தை எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். இந்த முறை சிரிக்கவில்லை. சிவப்புகூட இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லி மணியை அழுத்தியபோது அவர் விரல் இரண்டு தடவை தவறியது. மறுபடி வர வேண்டிய தேதியை எழுதித் தரவில்லை.

வீட்டுக்கு வந்து பீரோவின் போர்வையை ஷெர்லி தானே உருவினாள். குழி இல்லை. ஒன்றுகூட இல்லை. படத்தில் உள்ளபடியே வழவழவென்று, லேசாக உப்பிய கன்னங்கள். இத்தனை வருடமாக எதைக் கேட்டு மெழுகுதிரி ஏற்றினாளோ அது எதிரே நின்றது. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். அவள் நினைத்து முடிப்பதற்குள் கண்ணாடியில் இருந்தவள் சந்தோஷப்பட்டுவிட்டாள்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னாள். நான் அழுதா இது அழமாட்டேங்குது என்றாள். செசிலி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, வாயப் பொத்திட்டு இரு என்றாள். இன்னும் ரெண்டு ஓலை கெடக்கு என்றாள். படுக்கப் போகும்போது மகளின் அறைக்கதவை வெளியிலிருந்து கொண்டி போட்டாள். அந்த வீட்டில் அந்தக் கொண்டியை அதுவரை யாரும் தொட்டதில்லை.

இரண்டாம் ஓலை முடிந்த கையோடு விக்டோரியா வந்தாள். மறுபடி தாடையைப் பிடித்துத் திருப்பினாள். பெருவிரலால் கன்னத்தில் மேலிருந்து கீழாக ஒருமுறை அழுத்தித் தடவினாள்.

"இப்பம் கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டினாள்.

ஷெர்லிக்கு அந்த விரலைத் தட்டிவிட வேண்டும், உனக்க மொவன் இந்த மொகத்தையே கட்டிக்கிடட்டும் என்று சொல்ல வேண்டும் என்று ஆத்திரம் பொங்கியது. முகம் விக்டோரியாவைப் பார்த்து அடக்கமாகச் சிரித்தது. விக்டோரியாவும் சிரித்தாள். பிள்ளைக்கு மரியாதை தெரிந்திருக்கிறது என்று செசிலியிடம் சொல்லிவிட்டுப் பலகாரம் சாப்பிட உட்கார்ந்தாள்.

குழிகளை ஷெர்லி கண்டுபிடித்தது அன்று மதியம் சோறு தின்னும்போது. ஒரு மீன் முள் கடைவாயில் சிக்கியது. நாக்கால் துழாவினாள். முள் அகப்படவில்லை. இடது கன்னத்தின் உட்புறத்தில், வழுவழுப்பாக இருக்க வேண்டிய சதையில், நாக்கு ஒரு பள்ளத்தில் இறங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே, நீளவாக்கில், இரண்டு சேர்ந்தாற்போல ஒன்று. ஷெர்லிக்கு அதைத் தெரியும். எட்டு வருடமாக முகம் கழுவும்போதெல்லாம் விரலில் தட்டிய குழி அது. வலது பக்கம் போனாள். அங்கேயும் எல்லாம் இருந்தன, வரிசை மாறாமல்.

சோற்றுக் கையோடு எழுந்து கண்ணாடி முன்னால் வாயைத் திறந்தாள். இருட்டாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்க்கலாம் என்று கை போனது. வாய் மூடிக்கொண்டது.

அவளுடைய முகம் எங்கும் போகவில்லை. உள்ளே திரும்பி நின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பேச வாயெடுத்தால் நடுவில் ஒரு இழுவை விழுந்தது, கடற்கரைப் பேச்சு இல்லாத, வயல் பக்கத்து இழுவை. பகலெல்லாம் கட்டிலில் கிடந்து, நாக்கு நுனியால் குழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இருந்தாள். எங்கே எது இருக்கிறது என்று மறந்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. லிஜின் போன் செய்தபோது எடுக்கவில்லை. இப்போது அவனிடம் யார் பேசுவார்கள் என்று அவளுக்கு நிச்சயமில்லை.

வெள்ளிக்கிழமை லிஜினின் கூட்டாளிகள் ஊர் முக்கில் ஒன்றும், கல்யாண மண்டபம் வடசேரிப் பக்கம் என்பதால் அங்கே ஒன்றுமாக ஃபிளெக்ஸ் பலகை கட்டினார்கள். ஆள் உயரத்துக்கு மேலே மாப்பிள்ளை, பெண் இருவர் முகமும். தேவகுமாரின் படத்தைத்தான் பெரிதாக்கியிருந்தார்கள். பார்த்துவிட்டு வந்தவர்கள், நேரிலும் படத்திலும் ஒரு வித்தியாசம் இல்லை என்று செசிலியிடம் வந்து வியந்தார்கள். செசிலிக்கு அன்று மட்டும் முகத்தில் கொஞ்சம் தெம்பு தெரிந்தது.

சனிக்கிழமை மதியம். மறுநாள் மூன்றாம் ஓலை. ஷெர்லி அறைக்குள் படுத்திருந்தாள். செசிலி அடுக்களையில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு பெண்குரல், வீட்டுக்காரி உண்டுமா என்று கேட்டது.

ஷெர்லியின் கன்னங்கள் நிமிர்ந்தன.

வந்தவள் வயல் பக்கத்துப் பூதப்பாண்டிக்காரி. பெயர் பூங்கனி. காய்கறி வாங்க வடசேரிக்கு வந்தேன், அப்படியே பஸ் ஏறி வருகிறேன் என்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை போல. குரல் நின்ற இடத்திலிருந்தே வந்தது. நந்தனா என்று தனக்கு ஒரே மகள், போன வருடம் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள், சுவரில் மாட்டப் படம் பெரிதாக்குவதற்குத் தேவகுமாரிடம்தான் கொடுத்தேன் என்று அடுக்கிச் சொன்னாள். இன்று வடசேரியில் பலகையைப் பார்த்திருக்கிறாள். தெரியாத பெண்ணின் முகத்தில் தெரிந்த கன்னம். ஸ்டுடியோவுக்குள் போய்ச் சட்டையைப் பிடித்ததும் தேவகுமார் ஒத்துக்கொண்டிருக்கிறான். குழியை மறைக்க நல்ல தோலாக ஒன்று வேண்டியிருந்தது, பக்கத்தில் அந்தப் படம் கிடந்தது, கொஞ்சம் எடுத்து ஒட்டினேன் என்றிருக்கிறான்.

"செத்த பிள்ளைக்கு இனி கன்னம் எதுக்குன்னு எங்கிட்டயே கேக்கான்" என்றாள் பூங்கனி. "அந்தப் பலகைய மட்டும் எறக்கிருங்கம்மா. வேற ஒண்ணும் கேக்கல."

செசிலி ஏதோ சொன்னாள். ஆள் மாறி வந்திருப்பீர்கள், என் மகள் படத்தில் யாரும் எதையும் ஒட்டவில்லை என்று. குரல் உயர்ந்தது. கதவைச் சாத்தும் சத்தம் பாதியில் நின்றது.

உள்ளே ஷெர்லி கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகம் கதவுப் பக்கம் திரும்பிவிட்டது. கழுத்து வலித்தது. அவளால் அதைத் திருப்ப முடியவில்லை. போகக் கூடாது. கூப்பிட்டாலும் போகக் கூடாது. தோல் முன்னால் இழுத்தது, கொழுந்துவிட்டு எரியும் அடுப்பு போலக் கொதித்தது. கை நழுவியது. கால் தரையில் பட்டது. சிமெண்ட் தரை குளிர்ச்சியாக இருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது. கால் இன்னும் அவளுடையதுதான். நில் என்றாள். நடந்தது.

திரையை விலக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

பூங்கனி பார்த்தாள். கையிலிருந்த பை விழுந்தது. கத்தரிக்காய்கள் உருண்டு சுவர்வரை போயின. அவள் அலறவில்லை. ஒரு வருடமாக வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவள், பிள்ளை வந்து நிற்கும்போது பார்ப்பது போலப் பார்த்தாள்.

நான் ஷெர்லி. அதைத்தான் சொல்ல நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

"எம்மா" என்றது வாய். குரல் ஷெர்லியுடையது. இழுவை அவளுடையது இல்லை. "ஏன் இவ்வளவு நேரம்?"

பூங்கனி கிட்டே வந்து இரண்டு உள்ளங்கையாலும் கன்னத்தைப் பிடித்தாள். விக்டோரியா பிடித்தது போல் இல்லை. வெளிச்சத்துக்குத் திருப்பவில்லை. ஷெர்லியின் முகம் அந்தக் கைக்குள் சாய்ந்துகொண்டது.

செசிலி குறுக்கே பாய்ந்து மகளின் தோளைப் பற்றினாள். அது எனக்க மவ, ஷெர்லி, விடுங்க என்றாள். பூங்கனி கையை எடுக்கவில்லை. சண்டைக்கு நிற்பவளாகவும் இல்லை. அவள் கேட்டது தாழ்ந்த குரலில்தான்.

"அப்பம் ஒங்க மவளுக்க மொகம் எப்பிடி இருக்கும்? சொல்லுங்க பாப்போம்."

செசிலி வாயைத் திறந்தாள்.

சொல்லும்மா. உள்ளேயிருந்து ஷெர்லி கத்தினாள். குழின்னு சொல்லு. ரெண்டு கன்னமும் குழின்னு சொல்லு. எத்தன குழின்னுகூட உனக்குத் தெரியும். இத்தன நாள் மஞ்சள் அரச்சுப் போட்டது நீதானே. ஒரு வார்த்தை. ஒண்ணே ஒண்ணு.

திறந்த கதவுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். விக்டோரியா வீட்டுக்குத் தினமும் மீன் கொண்டு போகிறவள் ஒருத்தி. செசிலி அவர்களைப் பார்த்தாள். நாளைக்கு ஓலை. வருகிற வியாழக்கிழமை விமானம்.

"இதுதான்" என்றாள் செசிலி. "எனக்க மவளுக்கு எப்பமும் இந்த மொகந்தான்."

பூங்கனி தலையை ஆட்டினாள். குனிந்து பையை மட்டும் எடுத்தாள், கத்தரிக்காயை விட்டுவிட்டாள். வா மக்கா என்றாள், நாலரைக்கு ஒரு பஸ் உண்டு என்றாள். செசிலியின் பிடி தோளில் தளர்ந்திருந்தது. சொன்ன பிறகு அவளே தளர்த்தியதுதான்.

கால் செருப்பைத் தேடியது. நடைப்படியில் வெயில் கொட்டிக் கிடந்தது. படியில் நின்று முகம் திரும்பிச் செசிலியைப் பார்த்தது. விருந்துக்கு வந்த வீட்டில் விடைபெறும் பிள்ளை போலச் சிரித்தது.

"வாறேன் மாமி."

ஷெர்லியிடம் மிச்சம் இருந்தது நாக்கு மட்டும். அதைத் தூக்கினாள். குழியிலிருந்து எடுத்து, பல்லுக்கு நடுவே நீட்டி, அம்மா என்று கூப்பிடப் பார்த்தாள். பற்கள் இறங்கின. முதலில் மெதுவாக. பிறகு முழுதாக.

செசிலி பார்த்துக்கொண்டு நின்றாள். மகளின் முகம் வெயிலில் ஒரு மாசு மறு இல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தது. மூடிய உதட்டின் ஓரத்திலிருந்து ரத்தம் ஒரு கோடாக இறங்கி, அந்த வழுவழுப்பான கன்னத்தின் ஓரமாக எங்கேயும் தேங்காமல் வழிந்து, தாடை நுனியில் சொட்டியது.